நகலெடுத்த கிளிப் தாளத்தில் உட்காரவில்லையா? ரீப்பரில் அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பல்லவியை ஒரே டேக்கில் அருமையாகப் பாடிவிட்டார்கள். அதையே இரண்டாம் சரணத்துக்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்று நகலெடுத்து ஒட்டுகிறோம். திரையில் பார்த்தால் கிளிப்பின் (அந்த ஒலித்துண்டின்) ஓரம் பார் கோட்டின் (தாளத்தின் ஒரு சுற்று தொடங்கும் கோட்டின்) மேல் கச்சிதமாக நிற்கிறது. ஓடவிட்டால் பாடகர் தாளத்துக்குப் பின்னால் வருகிறார். முதல் பல்லவியில் அதே குரல் சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் கோளாறு நாம் இடம் மாற்றிய விதத்தில் இருக்கிறது.

நான் வேலை செய்வது ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், அதனால் இங்கே வரும் பட்டன்களும் விசைகளும் அதில் உள்ளவை. விண்டோஸ் விசைகளைத்தான் சொல்கிறேன். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வரும் தொல்லைகள் இவைதான், பெயர்கள் மட்டும் மாறும்.

கீழே உள்ள எதைப் படிப்பதற்கு முன்பும் ஒன்றை மனதில் வையுங்கள். ஒரு கிளிப்பின் ஓரம் வேறு, அதற்குள் தட்டு விழும் இடம் வேறு. மென்பொருள் ஓரத்தைப் பிடித்து நகர்த்துகிறது. காது தட்டைத் தேடுகிறது. பாதிக் கோளாறுகள் இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

இழுத்தால் எங்கோ தாவுகிறது, நினைத்த இடத்தில் நிற்கவில்லை

ஸ்னாப், அதாவது கிளிப்பைத் தானாகக் கோடுகளில் ஒட்டவைக்கும் வசதி, போட்டிருக்கிறது. ஆல்ட்-எஸ் அழுத்தினால் அணையும், மறுபடி அழுத்தினால் வரும். ஒரே ஒரு முறை மட்டும் ஸ்னாப் வேண்டாம் என்றால் அணைக்க வேண்டியதில்லை, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இழுங்கள். நகலெடுக்க கன்ட்ரோலைப் பிடித்து இழுப்போம் அல்லவா? அப்போது கன்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்துப் பிடித்தால் ஸ்னாப் இல்லாத நகல் கிடைக்கும்.

ஸ்னாப் வேண்டும், ஆனால் தவறான இடத்தில் ஒட்டுகிறது என்றால் ஆல்ட்-எல் அழுத்தி ஸ்னாப் அமைப்பைத் திறந்து பாருங்கள். கிரிட் கோட்டில் (தாளத்தைப் பிரித்துக் காட்டும் கோட்டில்) மட்டுமல்ல, பக்கத்து கிளிப்பின் ஓரத்திலும் கர்சரிலும்கூட அது ஒட்டும். 10 டிராக் (குரல், வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் தனி வரிசை) கிளிப்புகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் மீடியா ஐட்டங்களில் (ரீப்பர் கிளிப்புகளுக்கு வைத்த பெயர்) ஒட்டுவதை எடுத்துவிடுவது நல்லது.

ஓரம் கோட்டில் சரியாக நிற்கிறது, கேட்டால் பிந்துகிறது

மேலே சொன்ன பல்லவிக் கோளாறு இதுதான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பாடகர் முதல் எழுத்துக்கு முன்னால் மூச்செடுப்பார். அந்த மூச்சை வெட்டினால் குரல் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும், அதனால் அதையும் சேர்த்துத்தான் கிளிப் வெட்டுகிறோம். சில பாட்டுகளில் எடுப்பே (பாட்டு தொடங்கும் இடமே) சமத்துக்கு (தாளச் சுற்றின் முதல் தட்டுக்கு) முன்னால் இருக்கும், அதாவது அதீத எடுப்பு. அந்தக் கிளிப்பைக் கோட்டில் கொண்டுபோய் ஒட்டினால் கோட்டில் நிற்பது மூச்சு. முதல் எழுத்து அரை விநாடி தள்ளிப் போகிறது.

சரிசெய்ய ஸ்னாப் ஆஃப்செட் இருக்கிறது. கிளிப்பின் இடது கீழ் மூலைக்கு மவுஸைக் கொண்டுபோனால் அம்பு வடிவம் மாறும். அங்கே பிடித்து வலப்பக்கம் இழுங்கள், கிளிப்புக்குள் ஒரு செங்குத்துக் கோடு கூடவே வரும். அந்தக் கோட்டைச் சமம் விழும் எழுத்தில் நிறுத்திவிட்டால், இனி கிளிப் ஒட்டுவது ஓரத்தால் அல்ல, அந்தக் கோட்டால். நகலெடுத்தாலும் அது கூடவே போகும். இழுத்து வைப்பது சிரமமாக இருந்தால் கர்சரை அந்த எழுத்தில் வைத்துவிட்டு, கேள்விக்குறி விசையை அழுத்தி ஆக்‌ஷன் பட்டியலைத் திறந்து, ‘செட் ஸ்னாப் ஆஃப்செட் டு கர்சர்’ என்பதை ஓட்டலாம். நான் இதற்கு ஒரு விசையே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அடுத்த கேள்வி, அந்த எழுத்தில் சரியாக எந்த இடம்? மிருதங்கமோ தபலாவோ என்றால் சந்தேகம் இல்லை, அலைவடிவம் நிமிர்ந்து எழும் முதல் இடம்தான் தட்டு. டேப் விசையை அழுத்தினால் கர்சர் தானாகவே அடுத்த தட்டுக்குப் போய் நிற்கும். குரலுக்கு இப்படிச் செய்தால் ஏமாந்துபோவோம். ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் ஒரு வரியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் புகை மாதிரி அடர்த்தியான ஒரு சீறல் தெரியும், அது 100 மில்லி விநாடிக்கு மேலும் நீளலாம். அதற்குப் பிறகுதான் ஒழுங்கான வளைவுகளோடு ‘ஈ’ தொடங்கும். நல்ல பாடகர் சீறலைத் தாளத்துக்கு முன்பே தொடங்கி, உயிரொலியைத் தட்டின் மேல் வைப்பார். காதும் அந்த உயிரொலி தொடங்கும் இடத்தைத்தான் தட்டாக எடுத்துக்கொள்கிறது. எனவே ‘சரவண’ என்றால் ‘ச’வின் சீறலில் கோட்டை வைக்காதீர்கள், அதற்குள் இருக்கும் ‘அ’ முளைக்கும் இடத்தில் வையுங்கள். ‘அம்மா’ மாதிரி உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பெரிதாக்கிப் பார்க்காமல் இதைச் செய்ய முடியாது. 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் ஒரு நிமிடப் பாட்டை விரித்து வைத்திருந்தால் ஒரு புள்ளி என்பது 31 மில்லி விநாடி. அந்த அளவில் ‘சரியாக நிற்கிறது’ என்று கண் சொல்வதை நம்ப முடியாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. முழுப் பல்லவியை எல்லா டிராக்கோடும் சேர்த்து அப்படியே வேறு இடத்துக்குக் கொண்டுபோகும்போது எனக்கு இதுதான் பிடிக்கும். ஸ்னாப் அமைப்பில் கிரிட்டைச் சார்ந்து ஒட்டும் முறை, அதாவது ரிலேட்டிவ் ஸ்னாப் இருக்கும். அதைப் போட்டால் கிளிப் கோட்டில் போய் ஒட்டாது. கோட்டிலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதே தூரத்தை வைத்துக்கொண்டு கட்டம் கட்டமாக நகரும். பாடகர் தாளத்தில் லேசாகச் சாய்ந்து பாடியிருந்தால் அந்தச் சாய்வும் அப்படியே போய்ச் சேரும். அந்த 20 மில்லி விநாடிச் சாய்வில்தான் பாட்டின் குணமே இருக்கும். அதைக் கோட்டுக்கு இழுத்து நேராக்கிவிடாதீர்கள்.

முதல் நாலு நகல் சரி, போகப்போக விலகுகிறது

லூப்பின் (திரும்பத் திரும்ப ஓடவிடும் கிளிப்பின்) நீளம் ஒரு பாருக்குச் சரியாக இல்லை. கன்ட்ரோல்-டி (D) ஒவ்வொரு நகலையும் முந்தைய கிளிப் முடியும் இடத்தில் வைக்கிறது, அதனால் சின்னப் பிழை நகலுக்கு நகல் கூடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 92 பிபிஎம் (நிமிடத்துக்கு 92 தட்டு), நாலு தட்டு பார். ஒரு பார் என்பது 2.6087 விநாடி. நீங்கள் கண் அளவில் 2.6 விநாடிக்கு வெட்டியிருக்கிறீர்கள். ஒரு நகலுக்கு 8.7 மில்லி விநாடி குறைவு, யாருக்கும் கேட்காது. 16 நகல் போன பிறகு 139 மில்லி விநாடி. அந்த டெம்போவில் (வேகத்தில்) ஒரு தட்டின் கால் பங்கே 163 மில்லி விநாடிதான். அதாவது கிட்டத்தட்ட ஒரு எழுத்து முந்திப் போய்விடுகிறது.

ஸ்னாப்பைப் போட்டு, மேலே ரூலரில் (நேரம் காட்டும் பட்டையில்) சரியாக ஒரு பாரைத் தேர்ந்தெடுங்கள். கிளிப்பைத் தேர்ந்தெடுத்து, ஐட்டம் மெனுவில் தேர்ந்த பகுதிக்கு ட்ரிம் செய்யும் (அளவுக்கு வெட்டும்) கட்டளையைக் கொடுங்கள். இப்போது நகலெடுத்தால் விலகாது. வாசித்தவரின் வேகமே 92-க்குச் சற்று மேலே இருந்து, கிளிப் பாரை எட்டவில்லை என்றால், ஆல்ட்டைப் பிடித்து வலது ஓரத்தை இழுத்து பார் கோடுவரை நீட்டுங்கள். 2.6-ஐ 2.6087 ஆக்குவது 0.33 சதவீதம்தான். இவ்வளவு சின்ன நீட்டலுக்கு நான் எஃப்2 அழுத்தி, கிளிப் பண்புகளில் சுருதியைக் காக்கும் தேர்வை எடுத்துவிடுவேன். சுருதி 6 சென்ட் இறங்கும், அதாவது அரை ஸ்வரத்தின் 100 பங்கில் 6. அது கேட்காது. சுருதியைக் காக்கச் சொன்னால் மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக்கி ஒட்டும், அதில் மிருதங்கத்தின் ‘தீம்’ மழுங்குவது கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆல்ட்டைப் பிடிக்காமல் ஓரத்தை இழுத்தால் கிளிப் நீளாது, லூப் ஆகும். மூலம் முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் மேல் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டுக்குறி தெரியும். அந்தக் குறியைக் கண்டால் ஓரத்தைத் திரும்ப உள்ளே தள்ளிவிடுங்கள்.

டெம்போவையே தோராயமாக வைத்திருந்தாலும் இதே அறிகுறிதான். வாசிப்பு 91.8-ல் இருக்க நீங்கள் 92 என்று போட்டால் 64 பாரில் 0.36 விநாடி விலகும். லூப்பின் எட்டு பாரைச் சமத்திலிருந்து சமம்வரை தேர்ந்தெடுத்து, ரூலரில் வலது சொடுக்கி, தேர்ந்த பகுதியிலிருந்து டெம்போ கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தசமத்தோடு விடை வரும். அந்தத் தசமத்தை வெட்டிவிடாதீர்கள்.

இன்னொரு காரணம் வாட்ஸ்ஆப் காலத்தில் அடிக்கடி வருகிறது. நண்பர் அனுப்பிய லூப் எம்பி3. எம்பி3 ஆக்கும்போது முன்னால் கொஞ்சம் மௌனம் சேரும். சில மென்பொருள்கள் திறக்கும்போது அதைக் கழித்துவிடும், சில கழிக்காது. கழிக்காவிட்டால் சுமார் 25 மில்லி விநாடி முன்னால் காலியாக நிற்கும், பின்னாலும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். லூப்பாகச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் அது தடுக்கும். நண்பரிடம் வேவ் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் முதல் தட்டிலிருந்து வெட்டி, மேலே சொன்னபடி பாருக்கு ட்ரிம் செய்யுங்கள்.

மிஸ்ர சாபு பாட்டு, கோடுகள் எங்கேயோ போகின்றன

புதிய புராஜெக்ட் நாலு தட்டு பாரோடுதான் திறக்கிறது. நம் பாட்டு ஏழு (தகிட தகதிமி). நாலின் கோடுகளில் ஒட்டி நகலெடுத்தால் பாதி நகல்கள் தகிடவில் விழ வேண்டியது தகவில் விழும். ஷிஃப்ட்-சி அழுத்தி, பாட்டு தொடங்கும் இடத்தில் டெம்போக் குறி ஒன்றை வைத்து, தாளத்தை 7/8 என்று கொடுங்கள். கிரிட்டை எட்டில் ஒன்றாக வையுங்கள். இப்போது ஒவ்வொரு பார் கோடும் ஒரு சுற்று. கண்ட சாபுவுக்கு 5/8. திஸ்ர நடைக்கு (ஒரு தட்டை மூன்றாகப் பிரிப்பது) தாளத்தை மாற்ற வேண்டாம், கிரிட்டை டிரிப்ளெட் ஆக்கினால் போதும். பாட்டின் நடுவே நடை மாறினால் அந்த இடத்தில் கிரிட்டையும் மாற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள்.

விருத்தம், ஆலாபனை மாதிரி தாளமில்லாத பகுதிக்கு எந்தக் கிரிட்டும் பொருந்தாது. அங்கே ஸ்னாப்பை அணைத்துவிட்டுக் காதால்தான் வைக்க வேண்டும்.

ஒன்றை நகர்த்தினால் மற்றவையும் நகர்கின்றன

மூன்று காரணங்கள் இருக்கலாம். பெரியதை முதலில் பாருங்கள், அது ரிப்பிள். ஆல்ட்-பி (P) அழுத்த அழுத்த மூன்று நிலைகள் மாறி மாறி வரும்: அணைந்த நிலை, அந்த டிராக்குக்கு மட்டும், எல்லா டிராக்குக்கும். பேச்சைத் திருத்தும்போது இது வரம் மாதிரி. நடுவில் ஒரு இருமலை நீக்கினால் பின்னால் உள்ளதெல்லாம் தானாக முன்னால் வந்து சேரும். பாட்டில் அப்படி விட்டுவிட்டால் நாசம். ஒருமுறை ஒரு பக்திப் பாடலில் முதல் வரி முடிந்ததும் இருந்த ஒரு மூச்சைக் குரல் டிராக்கில் நீக்கினேன், ரிப்பிள் அந்த டிராக்குக்கு மட்டும் போட்டிருந்தது. முதல் வரி கேட்டுத் திருப்தியாகி அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். அன்று மாலை முழுப் பாட்டையும் கேட்டபோது இரண்டாம் வரியிலிருந்து முடிவுவரை குரல் முழுவதும் தாளத்தைவிட்டு முந்தி நின்றது. கன்ட்ரோல்-ஆல்ட்-இசட் அழுத்தி அன்டூ வரலாற்றைத் திறந்து, எந்த அடியில் நடந்தது என்று தேடி, அதற்கு முன் போய்த் திரும்பினேன். இடையில் செய்த மூன்று மணி நேர வேலையை மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எதையும் நீக்குவதற்கு முன் ரிப்பிள் பட்டனை ஒரு பார்வை பார்க்கிறேன்.

இரண்டாவது காரணம், கிளிப்புகள் குழுவாகக் கட்டப்பட்டிருக்கும். யு அழுத்தினால் குழு பிரியும். மூன்றாவது, கிளிப் நகரும்போது வால்யூம் கோட்டின் புள்ளிகளும் கூடவே நகரும். இது ஆப்ஷன்ஸ் மெனுவில் இருக்கும் ஒரு தேர்வு. முழுப் பகுதியை இடம் மாற்றும்போது இது வேண்டும், சின்னத் திருத்தத்துக்கு வேண்டாம்.

எதுவுமே நகரவில்லை என்றால் எல் விசையில் கை பட்டு லாக் விழுந்திருக்கும். மறுபடி எல் அழுத்துங்கள்.

ஒட்டினால் வேறு டிராக்கில் போய் விழுகிறது

ரீப்பர் கடைசியாகத் தொட்ட டிராக்கில், கர்சர் நிற்கும் இடத்தில் ஒட்டும். கிளிப்பை எங்கிருந்து எடுத்தோம் என்பது அதற்குக் கணக்கில்லை. எந்த டிராக்கில் வேண்டுமோ அதன் பெயரை ஒரு முறை சொடுக்கிவிட்டு கன்ட்ரோல்-வி அழுத்துங்கள். கர்சரைக் கையால் வைக்காமல் கன்ட்ரோல்-ஜே அழுத்தி பார் எண்ணை, உதாரணமாக 41.1 என்று, தட்டச்சு செய்தால் துல்லியமாகப் போய் நிற்கும்.

டெம்போவை மாற்றினேன், குரல் இழுபட்டுவிட்டது

கிளிப்புகளின் டைம்பேஸ் தாளத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. ஆல்ட்-என்டர் அழுத்தினால் புராஜெக்ட் அமைப்பு வரும். அதில் டைம்பேஸ் மூன்று வகை. இடம், நீளம், வேகம் மூன்றும் தாளத்தோடு மாறுவது ஒன்று. இடம் மட்டும் மாறுவது இன்னொன்று. எதுவும் மாறாமல் நேரத்தோடு நிற்பது மூன்றாவது. முழுக்கப் பதிவு செய்து முடித்த பாட்டுக்குக் கோடுகளை மட்டும் பொருத்த நினைத்தால் முதலில் டைம்பேஸை நேரத்துக்கு மாற்றுங்கள், பிறகு டெம்போவைத் தொடுங்கள். இந்த வரிசை மாறினால் கிளிப்புகள் இழுபடும். விருத்த டிராக்கை மட்டும் நேரத்தோடு நிறுத்த வேண்டுமென்றால் டிராக்குக்குத் தனியாகவும் டைம்பேஸ் கொடுக்கலாம்.

நகலெடுத்த பிறகு மிருதங்கம் மெலிந்துவிட்டது

வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் வைத்துப் பதிந்திருக்கிறீர்கள். இரண்டு கிளிப்பையும் தனித்தனியாக இழுத்திருக்கிறீர்கள். ஒன்று மட்டும் 1 மில்லி விநாடி தள்ளிப்போனால் போதும். 500 ஹெர்ட்ஸ் அலையின் அரைச் சுற்று சரியாக 1 மில்லி விநாடி, எனவே ஒரு மைக்கில் அலை ஏறும்போது மற்றதில் இறங்கும். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். தாளம் விலகியது மாதிரி தெரியாது, நாதம் மட்டும் வற்றிப்போகும். அதனால்தான் பலர் ஈக்யூவில் (ஒலியின் கனத்தையும் கூர்மையையும் திருத்தும் இடத்தில்) போய் மணிக்கணக்காகத் தேடுகிறார்கள். ஒரே வாத்தியத்துக்கு ஒன்றுக்கு மேல் மைக் வைத்தால் பதிந்து முடித்ததும் அந்தக் கிளிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஜி அழுத்திக் குழுவாக்கிவிடுங்கள். ஏற்கெனவே விலகியிருந்தால் கையால் பொருத்த முயலாதீர்கள், முதல் பதிவிலிருந்து இரண்டையும் சேர்த்து மறுபடி நகலெடுங்கள்.

ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்கிறது

அலை நடுவில் வெட்டுப்பட்டிருக்கிறது. ஆட்டோ கிராஸ்ஃபேடை (ஒரு கிளிப் மங்க மற்றது எழும் இணைப்பை) போட்டுவிட்டு ஒரு கிளிப்பின் ஓரத்தை மற்றதன் மேல் கொஞ்சம் ஏற்றுங்கள். பேச்சுக்கும் குரலுக்கும் 5 முதல் 10 மில்லி விநாடி போதும், அதுவும் எழுத்துகளுக்கு இடையில். தட்டின் மேல் ஏற்றினால் தட்டு மங்கும், தட்டுக்குச் சற்று முன்பே வெட்டுங்கள். தம்பூராவைச் சுற்றவிடும்போது அரை விநாடிக்கும் மேல் கிராஸ்ஃபேட் வேண்டும். ஒரே ஒலியின் இரண்டு நகல் அச்சாகப் பொருந்தினால் நேர்கோட்டு வளைவு, வேறு வேறு டேக் என்றால் நடுவில் புடைத்த வளைவு. மாற்றிப் போட்டால் இணைப்பில் ஒலி ஏறும் அல்லது இறங்கும்.

மிடி நகல் ஒன்றில் ஸ்வரம் திருத்தினால் எல்லாவற்றிலும் மாறுகிறது

மிடி என்பது ஒலி அல்ல, எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு. நகல்கள் ஒரே மூலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆக்‌ஷன் பட்டியலில் ‘அன்-பூல்’ (un-pool) என்று தேடி, அந்த ஒரு கிளிப்பை மட்டும் தனியாக்கிவிட்டுத் திருத்துங்கள்.

நகலெடுக்காத புதுப் பதிவுகளே எப்போதும் ஒரே அளவு பிந்துகின்றன

இங்கே கிளிப்பை நகர்த்திச் சரிசெய்யக் கூடாது, ஒவ்வொரு டேக்குக்கும் அதையே செய்துகொண்டிருக்க வேண்டிவரும். ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் கருவி) தன் தாமதத்தைத் தவறாகச் சொல்கிறது. ஒரு கேபிளை எடுத்து அதன் அவுட்புட்டை அதன் இன்புட்டிலேயே செருகுங்கள். முதலில் ஹெட்போனைக் கழற்றி, இன்புட் மானிட்டரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒலி சுற்றிச்சுற்றி ஊளையிடும். கிளிக் சத்தம் உள்ள ஒரு டிராக்கை ஓடவிட்டு இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டு கிளிக்கையும் நன்றாகப் பெரிதாக்கி, இடைவெளியை அளந்து, பிரிஃபரன்ஸில் ரெக்கார்டிங் பக்கத்தில் கையால் கொடுக்கும் ஆஃப்செட்டில் போடுங்கள். மறுபடி ஒருமுறை பதிந்து, இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று நிற்கிறதா என்று பாருங்கள். கூடுதலாக விலகியிருந்தால் கழித்தல் குறியோடு போட வேண்டும்.

பாடுபவர் காதில் புளூடூத் ஹெட்போன் இருந்தால் இந்தச் சோதனை சரியென்று காட்டினாலும் பாட்டு பிந்தும். அவர் கேட்பதே தாமதமாகத்தான். ஒயர் ஹெட்போனைக் கொடுத்துப் பாடச் சொல்லுங்கள்.